எடைக்கருவி சொல்லாத கதை

1949ஆம் ஆண்டு. போர் முடிந்து நான்கு வருடங்கள் ஆகியும் லண்டன் நகரம் இடிபாடுகளிலிருந்து முழுதாக எழுந்திருக்கவில்லை. வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் இன்னும் பங்கீட்டு அட்டைதான். அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்திலும் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்தார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் விடையைத் தேடிப் பேருந்துத் தொழிலாளர்களின் நோய்ப் பதிவேடுகளைப் புரட்ட ஆரம்பித்தார்.

லண்டனின் சிவப்பு நிற இரட்டை மாடிப் பேருந்தில் இரண்டு பேருக்கு வேலை. ஓட்டுநர் தன் பணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை உட்கார்ந்தே கழித்தார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்கினார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே நகரத்தின் புகை, ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பச் சூழல். வித்தியாசம் அந்தப் படிகளில்தான் இருந்தது. 35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து, 1953இல் ‘லான்செட்’ இதழில் மாரிஸ் குழு முடிவை வெளியிட்டது. நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. வந்தபோதும் பிந்தி வந்தது. மாரடைப்பு வந்த முதல் சில மாதங்களில் இறந்துபோவது ஓட்டுநர்களைவிட நடத்துநர்களிடம் ஏறத்தாழப் பாதிதான்.

ஒரு நல்ல ஆய்வாளருக்கு வரவேண்டிய சந்தேகம் மாரிசுக்கும் வந்தது. படிகள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? அவர் அஞ்சல் துறைக்குப் போனார். தெருத் தெருவாக நடந்தும் சைக்கிள் மிதித்தும் கடிதம் கொடுத்த தபால்காரர்களையும், அதே துறையில் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களையும் ஒப்பிட்டார். அங்கேயும் அதே முடிவு. அப்புறம் இன்னொரு கேள்வி: ஓட்டுநர் வேலைக்கு வருகிறவர்கள் முதலிலேயே பருத்தவர்களோ? இதற்கு அவர் கண்டுபிடித்த வழி அழகானது. நிர்வாகம் தொழிலாளர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தது. கால்சட்டை இடுப்பளவு பதிவேட்டில் இருந்தது. பார்த்தால், ஓட்டுநர்களின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. 1956இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். ஆனால் ஒல்லியானவர், நடுத்தர உடம்புக்காரர், தொப்பை வைத்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு பிரிவிலும் நடத்துநரே திடீர் மரணத்திலிருந்து அதிகம் தப்பியிருந்தார்.

கடைசியாகச் சொன்ன அந்தத் தகவல் மீதுதான் இந்த உரை நிற்கிறது. தொப்பை இருந்த நடத்துநருக்கும் படிகள் பலன் தந்தன. உடம்பு அசைவதும் உணவு மாறுவதும் இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் செய்யும் நன்மையில் ஒரு பெரும்பகுதி எடைக்கருவியின் முள்ளில் தெரிவதே இல்லை. நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் நடைப்பயிற்சியை ஆரம்பித்து மூன்றாம் மாதம் விட்டுவிடுவதற்குச் சொல்லும் காரணம் ஒன்றேதான்: “நடந்து நடந்து பார்த்தாச்சு, ஒரு கிலோகூடக் குறையலை.” அந்த ஒரு வாக்கியத்தால் நாம் இழக்கும் உயிர்கள் கொஞ்சமல்ல.

மாரிசின் ஆய்வுக்குப் பிறகு ரால்ஃப் பாஃபன்பார்கர் என்ற அமெரிக்கர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் 16,936 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். 1978இல் வெளிவந்த முடிவு: நடை, மாடி ஏறுதல், விளையாட்டு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 2,000 கலோரிக்கும் குறைவாகச் செலவழித்தவர்களுக்கு, அதற்கு மேல் செலவழித்தவர்களைவிட மாரடைப்பு அபாயம் 64 சதவீதம் கூடுதல். இதைவிட முக்கியமான ஒரு கண்டுபிடிப்பும் அதில் உண்டு. கல்லூரி நாட்களில் மைதானத்தில் நட்சத்திரமாக இருந்து பிறகு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பழைய விளையாட்டு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. படிக்கும் காலத்தில் பந்தையே தொடாதவர், நாற்பது வயதில் நடக்க ஆரம்பித்திருந்தால் அவருக்குப் பாதுகாப்பு கிடைத்தது. “காலேஜ்ல நான் கபடி டீம்” என்று சொல்லிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சும்மா கிடப்பது எவ்வளவு கெடுதல் என்பதற்கு 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஒரு சோதனை போதும். இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் படுக்கவைத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களின் உடல்திறன் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்துச் சோதித்தபோது மருத்துவர்கள் வியந்துபோனார்கள். முப்பது வருட முதுமையால் ஏற்பட்டிருந்த சரிவைவிட, அந்த மூன்று வாரப் படுக்கையால் ஏற்பட்ட சரிவு அதிகம்! இடைப்பட்ட காலத்தில் அவர்களின் உடல் கொழுப்பு இரண்டு மடங்காகியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாக நடை, மெல்லோட்டம், சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். எடை பெரிதாக மாறவில்லை. முப்பது வருடத்தில் இழந்த திறன் திரும்பிவிட்டது.

எடை மாறாமல் உள்ளே என்னதான் மாறுகிறது?

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள வேண்டியவை தசைகள். இன்சுலின் வந்து கட்டளையிட்டால், தசைச் செல்லின் உள்ளே இருக்கும் குளுட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு அந்தக் கட்டளை சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஆனால் இயற்கை இரண்டாவது வழி ஒன்றையும் வைத்திருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலேயே அதே புரதம் மேலே வருகிறது. சர்க்கரை நோயாளியின் தசையிலும் இந்த இரண்டாவது வழி கெடாமல் இருக்கிறது என்பதுதான் ஆறுதலான செய்தி. ஒரு நடையின் பலன் அந்த அரைமணி நேரத்தோடு முடிவதும் இல்லை. அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குத் தசை இன்சுலினின் சொல்லைக் கூடுதலாகக் கேட்கிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாளாவது நடப்பது சர்க்கரைக்கு நல்லது.

ரத்தக்குழாயிலும் இதற்கு இணையான மாற்றம் உண்டு. ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து விரிகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. ஈரலில் சேர்ந்த கொழுப்பு கரைகிறது. இவை எதுவும் எடைக்கருவியில் ஏறி நிற்கும்போது தெரியாது.

நேரமும் ஒரு மருந்துதான். 2013இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்த முதியவர்களை மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடக்கவைத்தார்கள். நாள் முழுவதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் அது காலையில் 45 நிமிடம் தொடர்ந்து நடப்பதற்கு ஈடாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்குவதில் அதைவிட மேலாகவே இருந்தது. இரவு உண்டதும் படுக்கையைத் தேடும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொல்லியாக வேண்டும்.

இனி உடலமைப்பு பற்றி. 2004இல் ‘லான்செட்’ இதழ் இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு படத்தை வெளியிட்டது. ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் அச்சு மாறாமல் 22.3. எந்த அட்டவணைப்படி பார்த்தாலும் ஆரோக்கியமான எடை. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளித்தோற்றத்தில் இரண்டு ஒல்லியான மனிதர்கள். உள்ளே ஒருவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு.

இது கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் யாக்னிக்கின் குழுதான் காட்டியது. புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் அரைவயிறு சாப்பிட்டு வளர்ந்த சமூகத்தில் இப்படித்தான் ஆகும். அந்தக் குழந்தை வளர்ந்து நகரத்துக்கு வந்து, மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு, நாற்காலியில் உட்காரும்போது, சேரும் கொழுப்பு தோலுக்கடியில் நிற்காமல் வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் இறங்குகிறது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால். இந்த உருவம் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு.

அதனால் “நான் ஒல்லிதானே, எனக்கெல்லாம் சுகர் வராது” என்ற நம்பிக்கை நம் மண்ணில் மிக ஆபத்தானது. 52 நாடுகளில் சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 58.8. கிட்டத்தட்ட ஆறு வருடம் முந்திக்கொள்கிறது. பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயது, வீட்டுக்கடன் பாதிகூட அடையாத வயது. தெற்காசியர்களுக்கு ஆபத்து எனக் கணிக்கும் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. எடைக்கருவியைவிட ஒரு தையல்காரரின் டேப் நமக்கு அதிகம் சொல்லும்.

தட்டுக்கு வருவோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. இவ்வளவு பேருக்கும் இனிப்புதான் காரணம் என்றால் தவறு. நம் கலோரியில் பெரும்பங்கு தானியத்திலிருந்து வருகிறது. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு, 2020இல் வெள்ளையரிசிச் சோற்றைப் பற்றித் தன் கணக்கை வெளியிட்டது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு உலக அளவில் 20 சதவீதம் கூடுதல். தெற்காசியாவில் மட்டும் அது 61 சதவீதம். அதே சோறுதான், நம் உடம்பில் அதன் விலை அதிகம்.

சோற்றை விரோதியாக்குவது இந்த உரையின் நோக்கமல்ல. சோற்றைச் சுற்றித்தான் நம் சமையலே அமைந்திருக்கிறது, அதை ஒரே நாளில் தூக்கி எறியச் சொல்கிற எந்த ஆலோசனையும் ஒரு மாதம் தாங்காது. பிரச்சினை விகிதத்தில் இருக்கிறது. சாம்பாருக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு என்று மூன்று முறை சோறு வந்து, காய் ஒரு கரண்டியோடு ஓரத்தில் ஒதுங்குகிறது; பருப்பு சாம்பாரில் கரைந்து தெரியாமல் போகிறது. இதைத் திருப்பிப் போட்டால் போதும். பொரியலும் கூட்டும் முதலில், நிறைய. பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை என ஒரு கிண்ணம் சுண்டல். அசைவம் உண்கிறவர்களுக்கு மீன் அல்லது முட்டை. அப்புறம் சோறு, ஒரே தடவை. தீட்டாத அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது: சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் எடை கூடியவர்களிடம் செய்த சோதனையில், வெள்ளையரிசிக்குப் பதில் பழுப்பரிசி கொடுத்தபோது சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது.

சிறுதானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேழ்வரகும் கம்பும் வரகும் நல்லவை. நார்ச்சத்தும் தாது உப்புகளும் மிக்கவை. ஆனால் மாவாக நைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் கேழ்வரகும் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும். “சிறுதானிய பிஸ்கட்” என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்பது பெரும்பாலும் சர்க்கரையும் எண்ணெயும்தான். அளவு எந்தத் தானியத்துக்கும் பொருந்தும்.

உப்பு, எண்ணெய் இரண்டும் இதயத்தின் நேரடி விவகாரம். நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மிக்சர் என்று நாக்கு பழகிய வீட்டில் காலைப் பலகாரத்தோடேயே அதில் பாதி முடிந்துவிடும். சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதும் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. முடிவு 2021இல் வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. எண்ணெயைப் பொறுத்தவரை, டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. தொழிற்சாலைக்கு அந்த விதி பொருந்தும். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பஜ்ஜி போடும் சட்டியைக் கண்காணிக்க வேண்டியது நாம்தான்.

இப்போது சென்னைக்கு வருவோம். உலகச் சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் தமிழ்நாட்டின் பெயர் மதிப்போடு உச்சரிக்கப்படுவதற்குக் காரணமான ஆய்வுகளில் ஒன்று, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவுக்குத் தினமும் அரைமணி நேர விறுவிறு நடை, தீட்டிய தானியத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டும் உணவு. மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவது பிரிவுக்கு இரண்டும். மூன்று வருடம் தொடர்ந்தார்கள். அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டும் சேர்த்தவர்களுக்கும் ஏறக்குறைய அதேதான்.

2006இல் வெளியான அந்த அறிக்கையில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு செய்தி உண்டு. உணவையும் நடையையும் மாற்றிய பிரிவினருக்கு எடை குறிப்பிடும்படி குறையவில்லை. மூன்று வருடம் நடந்தார்கள், தட்டை மாற்றினார்கள், எடைக்கருவி அசையவில்லை, ஆனாலும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. லண்டன் நடத்துநருக்கு நடந்ததே சென்னைவாசிக்கும் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த இதே மாதிரி ஆய்வில் பலன் 58 சதவீதமாக இருந்தது. அங்கே சேர்ந்தவர்கள் மிகவும் பருத்தவர்கள். 7 சதவீத எடையைக் குறைப்பது அவர்களுக்கு இலக்காகவே கொடுக்கப்பட்டது. சென்னையில் சேர்ந்தவர்களின் சராசரி பி.எம்.ஐ. 26க்கும் குறைவு. இரண்டு நாட்டு உடம்புகளும் ஒன்றல்ல, அளவுகோலும் ஒன்றாக இருக்க முடியாது.

ராமச்சந்திரன் குழு பிறகு செய்த இன்னொரு ஆய்வு செலவே இல்லாத ஒரு வழியைக் காட்டியது. அபாயத்தில் இருந்த 537 வேலைக்குப் போகும் ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு, உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகளைச் செல்பேசியில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருட முடிவில் குறுஞ்செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய். பெற்றவர்களில் 18 சதவீதம். ஒரு குறுஞ்செய்திக்கு இவ்வளவு சக்தியா என்றால், இடைவிடாமல் யாரோ நினைவூட்டுவதற்கு அவ்வளவு சக்தி.

இவையெல்லாம் இரண்டு, மூன்று வருடக் கதைகள். நீண்டகாலக் கதை சீனாவின் தாசிங் நகரில் இருக்கிறது. 1986இல் அங்கே 577 பேரோடு தொடங்கிய ஆய்வில், உணவு, உடற்பயிற்சி மாற்றம் ஆறு வருடம்தான் நடந்தது. பிறகு அவர்கள் போக்கில் விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து எடுத்து, 2019இல் வெளியிட்ட கணக்கில், மாற்றம் பெற்றவர்களுக்கு நோய் சராசரியாக நாலு வருடம் தள்ளிப்போயிருந்தது; இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைவு; ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை வருடம் கூடியிருந்தது. ஆறு வருட உழைப்பின் பலன் முப்பது வருடம் நின்றிருக்கிறது.

எடை ஒன்றுமே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் வந்துவிட்டவர்களுக்கு எடைக் குறைப்பே பெரிய ஆயுதம். பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக்கேல் லீனும் நடத்திய ‘டைரக்ட்’ ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சர்க்கரை சீரான நிலைக்குத் திரும்பினார்கள்; 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். டெய்லர் பிறகு பருமன் இல்லாத 20 நோயாளிகளிடமும் முயன்றார். 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. ஈரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு இறங்கியதுதான் காரணம். நம்மவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்: ஒல்லியானவருக்கும் குறைக்க வேண்டிய கொழுப்பு உள்ளே இருக்கலாம், அவருக்கு நாலைந்து கிலோவே போதுமானதாகவும் இருக்கலாம். மருத்துவர் இல்லாமல் இந்தப் பட்டினியில் இறங்கினால், மாத்திரை எடுக்கிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

உடற்பயிற்சி கவசம் அல்ல என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984இல் 52 வயதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அவருடைய தந்தை 43 வயதில் மாரடைப்பில் போனவர். ஃபிக்ஸ் இளமையில் புகைபிடித்தவர். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்களில் கடுமையான அடைப்புகள் இருந்தன. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். பரம்பரையாகவே கூடுதலாக இருந்தால் நடையால் மட்டும் அது இறங்காது, மாத்திரை வேண்டும். புகையை விடாமல் நடப்பதும் போதாது. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்து நேரத்தைப் போக்கக்கூடாது.

தனிமனிதர் மனவுறுதியால் மட்டும் இதெல்லாம் நடந்துவிடுமா? பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாகாணம் இதற்கு விடை வைத்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகமாக ஆண்கள் இதயநோயில் இறந்த பகுதிகளில் அது ஒன்று. ரொட்டிமேல் கனமாக வெண்ணெய், கொழுப்பு மிக்க பால், உப்பு மிக்க இறைச்சி, ஓயாத புகை. பொறுக்க முடியாமல் மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல், முப்பது வயதுகூட ஆகாத பெக்கா புஸ்கா என்ற மருத்துவரை அங்கே அனுப்பினார்கள். அவர் நோயாளிகளை மட்டும் பார்க்கவில்லை. ‘மார்த்தா’ என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து கிராமம் கிராமமாகச் சமைத்துக் காட்டினார். ஊர்ப் பழைய இறைச்சிக் குழம்பிலேயே கொழுப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினார்கள். இறைச்சிப் பண்டம் செய்யும் ஆலைகளோடு பேசிக் கொழுப்பைக் குறைக்கவைத்தார். பால் விவசாயிகள் முதலில் எதிர்த்தார்கள். அவர்களின் பிழைப்பு அது, கோபம் நியாயமானதே. அவர்கள் வேறு பிழைப்புக்கு மாற, அங்கே நன்றாக வளரும் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு ஆதரவு கிடைத்தது. எந்த ஊரில் கொலஸ்ட்ரால் அதிகம் இறங்குகிறது என்று ஊர்களுக்கிடையே போட்டி வைத்தார்கள். நடுவயது ஆண்களின் இதயநோய் மரணம் அடுத்த சில பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான விதைகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை அரசு அறிமுகப்படுத்தியது. நல்ல முயற்சிகள். ஆனால் அந்தப் பாதைகளில் அதிகாலையில் யார் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு உள்பட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் எடுத்த ‘இந்தியாப்’ கணக்கெடுப்பில் 54.4 சதவீதம் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள்; பொழுதுபோக்காகவேனும் உடற்பயிற்சி செய்கிறவர்கள் பத்துச் சதவீதத்துக்கும் குறைவு. பெண்களின் நிலைமை இன்னும் மோசம். காலை ஐந்தரைக்கு எழுந்து சட்னி அரைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வேலைக்கு ஓடுகிறவருக்கு ‘மார்னிங் வாக்’ எங்கே இருக்கிறது? இரவு எட்டு மணிக்கு மேல் தெருவிளக்கில்லாத சாலையில் அவர் எப்படித் தனியாக நடப்பார்? எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோற்றையும் மிஞ்சிய குழம்பையும் வைத்துக்கொண்டு உட்காருகிறவர் அவரே. காயும் பயறும் மற்றவர் தட்டில் தீர்ந்திருக்கும். “வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே” என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை. நின்றும் குனிந்தும் செய்யும் அந்த வேலை இடுப்பை நோகவைக்கிறது, இதயத் துடிப்பைத் தேவையான அளவுக்குக் கூட்டுவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான அசைவு, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்த இரண்டு நாள் வலுப்பயிற்சியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பிறக்கும்போதே தசை குறைந்த உடம்பு நமக்கு. சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் இடமும் தசைதான். ஜிம் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது, மாடிப்படி ஏறுவது. அறுபது வயதிலும் தசை வளரும்.

இந்த அவையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இந்த மாதமே, வீட்டில் முப்பது வயதைத் தாண்டிய எல்லாரும், அம்மாவையும் மனைவியையும் சேர்த்து, இடுப்பளவும் ரத்த அழுத்தமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள். இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிட்டு, பாத்திரத்தைப் பங்குபோட்டுக் கழுவிவிட்டு, எல்லாருமாகப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து எடை குறையாமல் இருந்தால் நடையை நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். மாத்திரை எடுக்கிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.